வால்டர் ஷ்லாஸ் முறை: வேலைக்குப் போய்க்கொண்டே செய்ய முடியுமா?

புதுக்கணக்கு:

வணக்கம். நீண்ட கால முதலீடு என்றாலே எல்லோரும் அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டில் ஆரம்பித்து பஃபெட்டிலேயே முடிக்கிறார்கள். அவர் வழியில் போக வேண்டுமானால் ஒரு தொழில் இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று கணிக்கும் கண் வேண்டும். அந்தக் கண் எனக்கு இல்லை. பேலன்ஸ் ஷீட் படிக்க வரும், கூட்டிக் கழிக்க வரும், அவ்வளவுதான்.

அவருடைய நண்பர் வால்டர் ஷ்லாஸ் வெறும் கணக்கை வைத்தே பல வருஷம் சந்தையைத் தாண்டி சம்பாதித்தார் என்று படித்தேன். அவர் உண்மையில் என்ன செய்தார்? எந்த வரியிலிருந்து எதைக் கழித்துப் பார்த்தார்? எப்போது விற்றார்? இந்த முறை எங்கே கையைக் கடிக்கும்? தெரிந்தவர்கள் எண்களோடு சொல்லுங்கள். பொன்மொழிகள் ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டேன்.

பேரேடு:

முதலில் ஆளைப் பற்றி. அவர் முறை அவர் சுபாவத்திலிருந்து வந்தது, அதனால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

1916இல் நியூயார்க்கில் பிறந்தார். கல்லூரிப் படிப்பு கிடையாது. 1934இல், பெருமந்தம் இன்னும் விடாத காலத்தில், வால் ஸ்ட்ரீட்டில் ஒரு தரகு நிறுவனத்தில் ரன்னர் வேலை. பங்குப் பத்திரங்களையும் காகிதங்களையும் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற வேலை அது. மாலையில், பிற்பாடு பஃபெட்டுக்கும் ஆசானான பெஞ்சமின் கிரஹாம் நடத்திய வகுப்பில் உட்கார்ந்தார். போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்துவிட்டு, 1946இல் கிரஹாமின் நிறுவனத்திலேயே சேர்ந்தார். பஃபெட் 1954இல் அங்கே வந்தபோது இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள்.

1955இல் கிரஹாமை விட்டு வெளியே வந்து, 19 பேரிடம் திரட்டிய 1,00,000 டாலரோடு தனிக்கடை போட்டார். ட்வீடி பிரவுன் என்ற தரகு நிறுவனத்தின் அலுவலகத்துக்குள் அவருக்கு ஒரு சின்ன அறை. செயலாளர் இல்லை, எழுத்தர் இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை. 1973இல் மகன் எட்வின் கூடச் சேர்ந்தார், அவ்வளவுதான் மொத்த ஆள்பலம். 2006ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் பஃபெட் இதை எழுதும்போது ஒரு விவரம் சொல்கிறார்: 1956இல் அந்த அலுவலகத்தில் இருந்த ஃபைல் அலமாரி ஒன்று, 2002இல் நான்கு.

பலன் என்ன? 1984இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பஃபெட் வெளியிட்ட கணக்கு 28¼ ஆண்டுகளுக்கானது. எஸ் அண்ட் பி என்ற அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடு ஆண்டுக்கு 8.4 சதவீதம். ஷ்லாஸின் நிதி 21.3 சதவீதம். அதில் பணம் போட்டவர்கள் கையில் வாங்கியது 16.1 சதவீதம். நடுவில் உள்ள வித்தியாசம் அவருடைய கூலி. நிர்வாகக் கட்டணம் என்று ஒரு காசு வாங்கவில்லை, லாபம் வந்தால் அதில் கால் பங்கு. லாபம் இல்லாத வருஷம் அவருக்கும் ஒன்றும் கிடையாது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று எத்தனை நிதி மேலாளர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மூன்று சதவீத எண்களும் பார்க்கச் சின்ன வித்தியாசம்போல இருக்கும். 28¼ ஆண்டில் 1 லட்சம் டாலர் குறியீட்டில் சுமார் 9.9 லட்சம் ஆகியிருக்கும். ஷ்லாஸிடம் போட்டவருக்கு, அவர் பங்கு போக, சுமார் 67.8 லட்சம்.

1989இல் ஒரு முதலீட்டு இதழ் அப்பா, மகன் இருவரிடமும் உங்கள் முறையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டது. எட்வினின் பதில், பங்குகளைச் சல்லிசாக வாங்கப் பார்க்கிறோம் என்பதுதான்.

ஐந்தொகை:

பேரேடு சார் சொன்ன அந்தச் "சல்லிசு" எப்படி அளக்கப்படுகிறது என்பதை நான் சொல்கிறேன்.

கிரஹாமிடம் அவர் கற்றது கடுமையான அளவுகோல். நடப்புச் சொத்துகளை (ரொக்கம், வரவேண்டிய பாக்கி, சரக்கு) மட்டும் எடுத்து, அதிலிருந்து மொத்தக் கடன்பாடுகளையும் கழித்து, மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே விலை இருந்தால் வாங்குவது. கட்டடம், இயந்திரம் எல்லாம் இனாம். இப்படிப்பட்ட அடிமாட்டு விலைப் பங்குகள் 1950களில் கிடைத்தன, 1960களில் அருகிப்போயின. அதற்குப் பிறகு ஷ்லாஸ் புத்தக மதிப்பை, அதாவது மொத்தச் சொத்தில் எல்லாக் கடன்பாடும் போக மிஞ்சும் நிகர மதிப்பை, அளவாக வைத்துக்கொண்டார். லாபத்தை அடிப்படையாக வைக்காததற்கு அவர் சொன்ன காரணம், லாபம் ஒரே வருஷத்தில் தலைகீழாகும், சொத்து மெதுவாகத்தான் மாறும் என்பது.

ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் போட்டுப் பார்ப்போம் (எல்லாம் கோடி ரூபாயில்):

ரொக்கம் 40, வரவேண்டிய பாக்கி 60, சரக்கு இருப்பு 80, ஆலையும் நிலமும் 150, முதலீடுகள் 20, குட்வில் (வேறு கம்பெனியை வாங்கியபோது அதன் சொத்துக்கு மேல் கொடுத்த விலை) 30. மொத்தம் 380.
வங்கிக் கடன் 70, கொடுக்கவேண்டிய பாக்கி 50, மற்றவை 20. மொத்தம் 140.

நிகர மதிப்பு 240 கோடி. பங்குகள் 2 கோடி. ஆக பங்குக்கு 120 ரூபாய். சந்தை விலை 62. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று இங்கேயே நிறுத்தி வாங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். இனிமேல்தான் வேலையே.

குட்வில்லை முதலில் தூக்கிவிடுங்கள். 210. பிறகு ஆண்டறிக்கையின் குறிப்புகளுக்குப் போங்கள். 2021-22 முதல் நம் கம்பெனிகள் வரவேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும்: ஆறு மாதத்துக்குள், ஓராண்டுக்குள், இரண்டு, மூன்று, அதற்கு மேல். ஆறு மாதம் தாண்டியது 15 கோடி என்று வைத்துக்கொள்வோம். வராது என்றே கழியுங்கள். சரக்கில் 20 கோடி கழியுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். இப்போது 175. கடைசியாகக் கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி, அதாவது வரி வழக்கு, உத்தரவாதம் போன்று பேலன்ஸ் ஷீட்டில் ஏறாமல் குறிப்பில் மட்டும் நிற்பவை. 25 கோடி இருந்தால் பாதியை எடுத்துவிடுங்கள். 162.5 கோடி. பங்குக்கு 81.25 ரூபாய்.

62 ரூபாய் இப்போது பாதி விலை இல்லை, 76 சதவீதம். இன்னும் மலிவுதான், ஆனால் அள்ளிப்போட்டுக்கொள்ளும் மலிவு இல்லை. கிரஹாமின் பழைய அளவில் பார்த்தால் 180 கழித்தல் 140, அதாவது 40 கோடி, பங்குக்கு 20 ரூபாய். அதில் மூன்றில் இரண்டு 13 ரூபாய்ச் சொச்சம். எவ்வளவு கடுமையான அளவு அது என்று இதிலிருந்து தெரியும்.

சரக்குக்கு ஏன் வெட்டு? விற்காத சரக்கு கிடங்கில் கிடந்தாலும் கணக்கில் சொத்துதான். மூன்று வருஷ அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விற்பனை அப்படியே இருக்க, சரக்கு மட்டும் 50, 64, 80 என்று ஏறினால் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி விலைபோகாத பொருள். தணிக்கையாளர் அறிக்கையின் பின்னிணைப்பையும் படியுங்கள். 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் இருந்தால், வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் கணக்கும் புத்தகக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் அதில் சொல்லியாக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்று இருந்தால் காரணத்தைப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்து விளக்கம் மழுப்பலாக இருந்தால் அந்த ஃபைலை மூடிவிடலாம்.

கடன் விஷயத்தில் ஷ்லாஸ் பிடிவாதக்காரர். கடன் நிகர மதிப்புக்குச் சமமாகக்கூட இருக்கக் கூடாது என்பது அவர் 1994இல் ஒரே தாளில் எழுதிவைத்த 16 குறிப்புகளில் ஒன்று. மேலே உள்ள கம்பெனிக்கு 70க்கு 240, அதாவது 29 சதவீதம், தேறிவிடும். மலிவுப் பங்கு பிழைப்பதற்குத் தேவை அவகாசம். அந்த அவகாசத்தைத் தின்பது வட்டி.

விலையின் வரலாறும் பாருங்கள் என்பார். 125க்குப் போய் 60க்கு இறங்கிய பங்கு கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் அது 20இல் இருந்திருந்தால், இன்னும் விழ இடம் இருக்கிறது. சில வருஷத் தாழ்ந்த விலைக்குப் பக்கத்தில் வாங்குவதே அவர் வழக்கம்.

வாங்குவதையும் ஒரே நாளில் முடிக்கமாட்டார், இறங்க இறங்க வாங்குவார். 90,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால் 62இல் 30,000, 54இல் 30,000, 46இல் 30,000. 483, 555, 652 பங்குகள், மொத்தம் 1,690, சராசரி விலை 53 ரூபாய் 20 காசு. ஒவ்வொரு தவணைக்கு முன்பும் புதிய காலாண்டு முடிவைப் படித்தாக வேண்டும். விலை மட்டும் இறங்கியிருந்தால் வாங்கலாம். கடன் 70இலிருந்து 110 ஆகி, அதனால் விலை இறங்கியிருந்தால் அது வேறு கம்பெனி, கணக்கை முதலிலிருந்து போடுங்கள்.

புதுக்கணக்கு:

மிக்க நன்றி சார், இதைத்தான் தேடினேன். ஒரு சந்தேகம். நம் சந்தையில் புத்தக மதிப்பில் 60 சதவீதத்துக்குக் கீழே என்று வடிகட்டினால் ஹோல்டிங் கம்பெனிகளும், பெயரே கேள்விப்படாத சின்ன ஆலைகளும், நிதி நிறுவனங்களும்தான் வந்து விழுகின்றன. பல பங்குகள் பல வருஷமாக அதே இடத்தில் கிடக்கின்றன. ஷ்லாஸுக்கு மட்டும் விலை எப்படி மேலே வந்தது?

நூல்கண்டு:

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். இந்த முறையில் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள்.

100 ரூபாய் மதிப்புள்ளதை 60க்கு வாங்கினால், இரண்டே வருஷத்தில் விலை 100ஐத் தொட்டால் ஆண்டுக்கு 29 சதவீதம். நான்கு வருஷம் ஆனால் 13.6. எட்டு வருஷம் ஆனால் 6.6, வங்கி வைப்பு நிதி அளவுக்கு வந்துவிட்டது. இது மதிப்பு குறையாமல் நின்றால். கம்பெனி ஆண்டுக்கு 5 சதவீதம் தன் சொத்தைக் கரைத்துக்கொண்டே வந்தால் நான்காம் வருஷம் மதிப்பு 81தான், உங்கள் வருமானம் 7.9 சதவீதம். எட்டு வருஷம் காத்திருந்தால் 1.3 சதவீதம். அதே கம்பெனி மதிப்பை ஆண்டுக்கு 6 சதவீதம் கூட்டிக்கொண்டே வந்திருந்தால் நான்கு வருஷக் காத்திருப்புக்கு 20.4 சதவீதம் கிடைத்திருக்கும். ஆகவே ஐந்தொகை சார் சொன்ன கழித்தல் கணக்கோடு இன்னொன்றையும் சேருங்கள்: பத்து வருஷப் புத்தக மதிப்பை ஒரு வரிசையில் எழுதுங்கள். அது ஏறுமுகமா, இறங்குமுகமா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அடுத்தது, விலை மேலே வருவதற்கான வழி. அமெரிக்காவில் ஒரு கம்பெனி ரொம்ப மலிவாகக் கிடந்தால் வேறு ஒருவர் மொத்தமாக விலைபேசி வாங்கிவிடுவார், ஷ்லாஸின் பங்குகள் சில அப்படிக் கைமாறின. நம் ஊரில் புரமோட்டர் (கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதன்மைப் பங்குதாரர்) கையில் 60, 70 சதவீதம் இருந்தால் அவர் சம்மதமில்லாமல் யாரும் நுழைய முடியாது. அந்தச் சொத்து காகிதத்தில் உங்களுடையது, சாவி அவரிடம். ஆகவே புரமோட்டர் சிறு பங்குதாரரை எப்படி நடத்துகிறார் என்பதும் இங்கே மதிப்பின் ஒரு பகுதி. மூன்று இடத்தில் பார்க்கலாம். லாபம் வந்த வருஷங்களில் டிவிடெண்ட் கொடுத்திருக்கிறாரா? உறவுக் கம்பெனிகளோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் பக்கத்தில், வட்டியில்லாக் கடனோ அளவுக்கு மீறிய வாடகையோ இருக்கிறதா? காலாண்டுப் பங்குதாரர் பட்டியலில் அவர் பங்குகள் அடமானத்தில் இருக்கின்றனவா? அடமானம் இருந்தால் நான் தொடவேண்டாம் என்றே சொல்வேன், கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ஹோல்டிங் கம்பெனி தனி ரகம். அதன் சொத்து குழுமத்தின் மற்றக் கம்பெனிப் பங்குகள், அவற்றை விற்கும் எண்ணமே புரமோட்டருக்கு இருக்காது. தள்ளுபடி நிரந்தரமாகவே நிற்கும். அந்த முதலீடுகளைச் சந்தை விலைக்கு ஏற்றி எழுதும்போது புத்தக மதிப்பும் வீங்கும். நிலத்தை மறுமதிப்பீடு செய்த கம்பெனியிலும் இதே கதை, ரிசர்வ் குறிப்பில் ரீவேல்யுவேஷன் ரிசர்வ் எவ்வளவு என்று பார்த்துக் கழித்துவிடுங்கள்.

வங்கி, நிதி நிறுவனம் எதற்கும் இந்த அளவுகோலைப் போடாதீர்கள். அவற்றின் தொழிலே கடன் வாங்கிக் கடன் கொடுப்பது. கடன் நிகர மதிப்பைத் தாண்டக் கூடாது என்ற ஒரு விதியிலேயே அவை அடிபட்டுப் போகும்.

சின்னப் பங்குகளில் வாங்க ஆள் இருக்கும்போதே விற்க ஆள் இருக்காது. ஒரு நாள் பேரம் 3,000 பங்கு நடக்கிற இடத்தில் 1,690 பங்கை மார்க்கெட் ஆர்டரில் (கிடைக்கிற விலைக்கு வாங்கு என்று) விட்டால் விலையை நீங்களே தூக்கிவிடுவீர்கள். விலை உச்சவரம்பை நீங்களே குறிக்கும் லிமிட் ஆர்டர் மட்டும், அதுவும் 100, 200 ஆகப் பிரித்து.

பேரேடு:

விற்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் ஷ்லாஸ் நாம் நினைக்கும் "வாங்கிப் பெட்டியில் பூட்டு" முதலீட்டாளரிலிருந்து வேறுபடுகிறார். அவர் ஒரு பங்கைச் சராசரியாக நான்கு வருஷம்போல வைத்திருந்தார். சுமாரான கம்பெனி நியாய விலைக்கு வந்துவிட்டால் அங்கே நமக்கு வேலை இல்லை, பணத்தை எடுத்து அடுத்த மலிவுக்குப் போக வேண்டும். அவரிடம் நீண்ட காலம் நின்றது பங்கு அல்ல, அந்தப் பழக்கம். அளவுகோல் நடுவில் மாறினாலும், 47 வருஷம் கழித்தல் கணக்குப் போடுவதை விடவில்லை.

ஆனால் 50 சதவீதம் ஏறியது என்பதற்காக மட்டும் விற்காதீர்கள் என்பார். விற்குமுன் மறுபடி கணக்குப் போட வேண்டும். 62க்கு வாங்கியது 93 ஆகியிருக்கலாம், அதற்குள் மதிப்பு 81இலிருந்து 110 ஆகியிருந்தால் அது இன்னும் மலிவுதான். விற்பதும் தவணையாகத்தான், ஏற ஏற. நம் வரிக் கணக்கும் பொறுமைக்கே சாதகம்: 2024 ஜூலை 23 முதல் பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்தால் ஆண்டுக்கு 1.25 லட்சம் போக 12.5 சதவீதம்.

இந்த முறையின் விலையையும் சொல்லியாக வேண்டும். கிரஹாமிடம் வேலை பார்த்தபோது ஷ்லாஸ், ஹாலாய்ட் என்ற கம்பெனியைக் கொண்டுபோய்க் காட்டினார். போதுமான மலிவு இல்லை என்று கிரஹாம் தள்ளிவிட்டார். அதுதான் பிற்பாடு ஜெராக்ஸ் ஆனது. சொத்தை மட்டும் அளக்கும் தராசில் எதிர்காலம் நிற்காது. ஒரு பங்கு நூறு மடங்கு ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் இந்த வழி உங்களுக்கு ஒத்துவராது, தினமும் வருத்தப்படுவீர்கள்.

ஐந்தொகை:

எத்தனை பங்கு என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டால் மேலே சொன்னதெல்லாம் ஆபத்து.

ஷ்லாஸிடம் நூறுக்கு மேற்பட்ட பங்குகள் இருந்தன. நிர்வாகத்தைப் போய்ப் பார்க்கமாட்டார், பேச்சில் மயங்கிவிடுவோம் என்று பயம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, அந்த அறியாமைக்கு ஈடாகத்தான் பணத்தைப் பரப்பி வைத்தார். பஃபெட்டைப் பார்த்து ஐந்து பங்கு, ஷ்லாஸைப் பார்த்து பழைய ஆலைகள் என்று இரண்டையும் கலந்தால் இரண்டு பேரின் பாதுகாப்பும் உங்களுக்கு இருக்காது.

வேலைக்குப் போகிறவருக்கு நூறு முடியாது, 20 முதல் 25 வரை போதும். 20 பங்கில் சமமாகப் போட்டு மூன்று அடியோடு போனாலும் இழப்பு 15 சதவீதம், மீதி 17 பங்கும் சராசரியாக 17.6 சதவீதம் ஏறினால் முதல் திரும்பிவிடும். ஐந்து பங்கில் மூன்று போனால் மிச்சமுள்ள இரண்டும் இரண்டரை மடங்காக வேண்டும். அந்த இருபதும் ஒரே தொழிலாக இருந்தாலும் பயனில்லை, இருபது நூற்பாலை வாங்கினால் பஞ்சு விலை என்ற ஒரே பந்தயத்தைத்தான் கட்டியிருக்கிறீர்கள்.

நேரக் கணக்கு: ஒரு கம்பெனிக்கு முதல் தடவை நான்கைந்து மணி நேரம், பிறகு காலாண்டுக்கு அரை மணி. மாதத்துக்கு ஒன்று என்று எடுத்தால் இருபதைச் சேர்க்க கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகும். ஆகட்டும். கடன் வாங்கியோ மார்ஜினிலோ (தரகர் தரும் கடனிலோ) ஒரு ரூபாய்கூட வேண்டாம், ஷ்லாஸின் அந்த ஒரு தாளில் கடைசிக் குறிப்பே கடனில் எச்சரிக்கையாக இருங்கள் என்பதுதான். இந்த வகைப் பங்கு உங்கள் கணக்குச் சரியாக இருந்தாலும் 62இலிருந்து 40க்குப் போய் ஒரு வருஷம் கிடக்கும். கடன்காரர் அதுவரை காத்திருக்கமாட்டார்.

ஒரு நோட்டில் கம்பெனிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பத்து வருஷப் புத்தக மதிப்பு, நடுவில் கழித்தல் கணக்கு, கீழே மூன்று தவணை விலைகள். விற்கும் விலையை வாங்கும் அன்றே எழுதி, தேதி போட்டுவிடுங்கள்.

புதுக்கணக்கு:

நோட்டு வாங்கிவிட்டேன். எடுத்து வைத்திருந்த ஒரு கம்பெனிக்குப் போட்டுப் பார்த்ததில் பங்குக்கு 148 என்று நினைத்தது, குட்வில், பழைய பாக்கி, வரி வழக்கு மூன்றும் கழித்தபின் 91இல் நிற்கிறது. விலை 88. வாங்கப்போவதில்லை. அடுத்த பக்கத்தில் இன்னொன்றை ஆரம்பிக்கிறேன், சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.